மலையிறங்கும் முன்னே மணி பாருங்கள்

கேள்வி: எங்கள் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் வடமாநிலத்துக்காரர் ஒருவருக்குக் காலையில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. யாரோ சொன்னார்கள் என்று புறா ரத்தம் தேய்த்தார்கள். கீழே கொண்டுபோவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இப்படி வந்தால் முதலில் என்ன செய்வது?
- வாசகி, வால்பாறை

பதில்: இவை பக்கவாதத்தின் அறிகுறிகள்: வாய் கோணுவது, ஒரு கை தொய்வது, பேச்சு குழறுவது. இதில் ஒன்று திடீரென்று வந்தாலே 108-ஐ அழையுங்கள். மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. ஆழியாறு இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளும் அந்தக் கணக்கில்தான் சேரும். அதனால் சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே போகச் சொல்லுங்கள். ஸ்கேன் இல்லாத இடத்தில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு காத்திருப்பதில்தான் பாதி நேரம் போகிறது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சர்க்கரை அளவு மட்டும் பார்த்தால் போதும். சர்க்கரை தாழ்ந்தாலும் பக்கவாதம் போலவே தெரியும்.

ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். வந்திருப்பது அடைப்பா, ரத்தக் கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். தண்ணீர்கூட வேண்டாம், புரையேறும். பிரஷர் ஏறியிருக்கிறதென்று நாக்கடியில் மாத்திரை வைத்து சட்டென்று இறக்குவதும் ஆபத்து. மூளைக்குப் போகும் கொஞ்ச ரத்தமும் குறைந்துவிடும். ஊசி போடுமுன் 185/110-க்குக் கீழே கொண்டுவருவது மருத்துவர் வேலை.

புறா ரத்தத்தால் அடைப்பு கரையாது. அதைவிடப் பெரிய நஷ்டம், அதில் போகும் நேரம். 'கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?' என்று மருத்துவர் கேட்பார். நாலரை மணிக் கெடு, நீங்கள் பார்த்த நேரத்திலிருந்து அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்தே எண்ணப்படும். இரவு பத்து மணிக்குப் படுத்தவர் காலை ஆறுக்கு இப்படி எழுந்தால், பத்திலிருந்துதான் கணக்கு. அப்போதும் அழைத்துப் போங்கள். மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைப்பென்றால், ஸ்கேனைப் பார்த்துச் சிலருக்கு 24 மணி நேரம் வரை, ரத்தக்குழாய்க்குள் மெல்லிய கம்பி செலுத்தி அடைப்பை எடுக்க முடியும். வெளிமாநிலத்தவர் என்றால் மேஸ்திரியை விட, கூடத் தங்கியிருப்பவரையே வண்டியில் ஏற்றுங்கள். நேரமும், சாப்பிடும் மாத்திரையும் அவருக்குத்தான் தெரியும். பாஷையும் அவர்தான் பேசுவார்.

எடையும் சொல்லுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்தான ஆல்டெப்ளேஸ் கிலோவுக்கு 0.9 மி.கி.; 50 கிலோ ஆளுக்கு 45 மி.கி. பத்தில் ஒரு பங்கு உடனே, மீதி ஒரு மணி நேரத்தில் ஏறும்.

கேள்வி: காப்பீட்டு அட்டை இல்லாவிட்டால்?

பதில்: அரசு மருத்துவமனையில் அவசர சிகிச்சைக்கு அட்டை வேண்டாம். அட்டை தேடி நேரத்தை விடாதீர்கள். வீடு திரும்பியபின் பிரஷர் மாத்திரையும் பிசியோதெரபியும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வரும். பகுதி சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுங்கள். தூக்கிவிடும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்பட்டை இறங்கிவிடும்.