பயிற்சிக் கட்டணம் வேறு, ‘போஸ்டிங்’ பணம் வேறு

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். எங்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டம் ராயவரம். பிளஸ் டூ முடித்த மகளை 2023 ஜூலையில் காரைக்குடியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் ஓராண்டு சுகாதாரப் பணியாளர் பயிற்சியில் சேர்த்தோம். கட்டணம் 85,000 ரூபாய். 60,000 ஜிபேயில் அனுப்பினோம். 25,000-க்கு ரசீது இருக்கிறது. ‘பயிற்சி முடிந்த ஆறு மாதத்தில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை; இல்லாவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்’ என்று 20 ரூபாய் பத்திரத்தில் எழுதியும் கொடுத்தார்கள். 2024 ஆகஸ்டில், அங்கே சேர்த்துவிட்ட உறவுக்காரர் ‘போஸ்டிங் போட இரண்டரை லட்சம் ஆகும், மேலே கொடுக்கணும்’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சம் அவர் மனைவி கணக்கில் போட்டோம். ஒரு லட்சம் கையில் கொடுத்தோம். வேலை வரவில்லை. கேட்டால் ‘அடுத்த லிஸ்ட்டில் வரும்’ என்கிறார்கள். மகளின் அசல் மதிப்பெண் சான்றிதழும் அவர்களிடம்தான். போலீஸ் ஸ்டேஷனில் ‘இது சிவில் மேட்டர்’ என்று சி.எஸ்.ஆர். மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள். கோர்ட் மூலமாக வேலையை வாங்க முடியுமா? பணமாவது வருமா?

பதில்: அம்மா, முதலில் வேலையைப் பற்றி. எந்தக் கோர்ட்டாலும் அந்த வேலையை உங்கள் மகளுக்கு வாங்கித் தர முடியாது. அரசு வேலை என்பது விளம்பரம், போட்டி, இடஒதுக்கீடு என்று அரசியல் சட்டத்தின் 14, 16-ஆம் கூறுகள் வழியாக மட்டுமே வர வேண்டும். கர்நாடக அரசு எதிர் உமாதேவி வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் இதை அறுதியிட்டுச் சொல்லிவிட்டது. தேர்வுப் பட்டியலில் உண்மையாகவே பெயர் வந்தவருக்குக்கூட நியமனம் பெற அசைக்க முடியாத உரிமை இல்லை என்பது 1991-லேயே வந்த தீர்ப்பு. அரசு நிறுவனத்திலேயே அப்ரண்டிஸ் முடித்தவருக்கும் பயிற்சி முடித்த காரணத்தால் மட்டும் வேலை கிடைத்துவிடாது. அப்படியிருக்க, தனியார் அறக்கட்டளை எழுதிக் கொடுத்த பத்திரம் அரசை எப்படிக் கட்டும்? ஆகவே மனுக்களில் ‘வேலை வழங்க உத்தரவிட வேண்டும்’ என்று ஒரு வரிகூட வேண்டாம். அது இருந்தால் மொத்த மனுவும் பலவீனமாகும்.

பணத்துக்கு வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் மூன்று லட்சத்து முப்பத்தைந்தாயிரம் என்று ஒரே தொகையாகப் பார்க்கிறீர்கள். சட்டம் அப்படிப் பார்க்காது. 85,000 ஒரு சேவைக்குக் கொடுத்த கட்டணம். அதைத் தலை நிமிர்ந்து கேட்கலாம். இரண்டரை லட்சம் வேறு வகை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 23-ஆம் பிரிவில் உதாரணங்கள் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று: அரசுப் பணி வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்ல, அதற்கு 1,000 ரூபாய் தருகிறேன் என்று மற்றவர் ஒப்புக்கொள்கிறார், அந்த ஒப்பந்தம் செல்லாது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே உங்கள் உறவுக்காரரின் தொழில் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. இந்த இரண்டு தொகையையும் எல்லா மனுவிலும் தனித்தனியாகக் காட்டுங்கள்.

இனி, ஸ்டேஷனில் ஏன் ‘சிவில்’ என்றார்கள்? வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு முடியாமல் போனால் அது மோசடி ஆகாது. வாக்குக் கொடுத்த அன்றே அது பொய் என்று தெரிந்திருந்தால்தான் மோசடிக் குற்றம். உங்கள் முதல் புகார் ‘வேலை தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை’ என்று மட்டும் சொல்லியிருந்தால், படிக்கிற இன்ஸ்பெக்டருக்கு அது முறிந்த ஒப்பந்தமாகத்தான் தெரியும். பணம் வாங்கிய 2023 ஜூலையிலேயே அப்படி ஒரு நியமன வழி கிடையாது, அது அவர்களுக்கும் தெரியும் என்று காட்ட வேண்டும். பாதி வழக்கு இதிலேயே முடிந்துவிடும்.

அதற்கு நல்ல கருவி தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.). 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநரகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 6(1) பிரிவில் மனு போடுங்கள். ‘எனக்கு ஏன் வேலை தரவில்லை’ என்றெல்லாம் கேட்டால் பதில் வராது. ஆவணம் சார்ந்த கேள்வியாக இருக்க வேண்டும். இன்ன முகவரியில் இயங்கும் இன்ன அறக்கட்டளையின் இந்தப் பயிற்சிக்கு 2023-24-இல் துறை அங்கீகாரம் இருந்ததா, இருந்தால் ஆணையின் நகல். இந்தப் பயிற்சி முடித்தவர்களை நேரடியாக ஆரம்ப சுகாதார நிலையங்களில் நியமிக்க அரசாணை உண்டா, இருந்தால் அதன் நகல். இந்த இரண்டு போதும். இதே மாதிரி மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்துக்கு ஒன்று: இந்தச் சான்றிதழ் எந்தப் பதவிக்காவது கல்வித் தகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா? முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு. ‘அங்கீகாரம் வழங்கப்படவில்லை’ என்று முத்திரையோடு வருகிற ஒற்றைத் தாள், பத்துச் சாட்சிக்கு மேல்.

பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மற்ற ஆதாரங்களைத் திரட்டுங்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள். வங்கியில் முத்திரையிட்ட ஸ்டேட்மெண்ட் வாங்குங்கள். வாட்ஸ்அப் உரையாடல் இருக்கும் போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ கூடாது. பிரிண்ட் எடுத்த தாளை மட்டும் கோர்ட் ஏற்காது. பாரதிய சாட்சியச் சட்டம் 63(4)-இன்படி சான்று வேண்டும், அதில் ஒரு பகுதியை நீங்களும் மறு பகுதியைத் தொழில்நுட்ப நிபுணரும் கையெழுத்திட வேண்டும். நகை அடகு ரசீதின் தேதியும் பணம் போட்ட தேதியும் ஒட்டி வந்தால், கையில் கொடுத்த ஒரு லட்சத்துக்கும் அது ஓரளவு துணை நிற்கும். அந்த 20 ரூபாய்ப் பத்திரத்தை லேமினேட் செய்துவிடாதீர்கள், நிறையப் பேர் செய்கிறார்கள். முத்திரைத் தீர்வை போதாது என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், குறையையும் அபராதத்தையும் கட்டி அதை ஆவணமாகச் சேர்க்கலாம். அதற்கு அசல் அசலாகவே இருக்க வேண்டும்.

இப்போது போலீஸ். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீது, எஃப்.ஐ.ஆர். அல்ல. திருத்திய புகாரில் தேதிகளைக் கவனமாக எழுதுங்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம், பின் நடந்ததற்குப் பாரதிய நியாய சன்ஹிதா. உங்கள் கட்டணம் 2023-ஐச் சேர்ந்தது, எனவே 420-ஆவது பிரிவு. போஸ்டிங் பணம் 2024 ஆகஸ்டு, எனவே 318(4). இரண்டுக்கும் ஏழு ஆண்டு வரை சிறை. போலி நியமன ஆணை ஏதாவது கொடுத்திருந்தால் ஆவண மோசடிப் பிரிவுகளும் சேரும். ஆனால் போலி என்று தெரிந்த பிறகு அதை எந்த அலுவலகத்திலும் நீங்கள் காட்டக் கூடாது, போலீஸிடம் மட்டும் ஒப்படையுங்கள்.

மறுபடியும் எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால், புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4)-இன்படி சிவகங்கை எஸ்.பி.க்குப் புகாரின் நகலைத் தபாலில் அனுப்புங்கள். மாவட்ட குற்றப்பிரிவு அவர் கீழ்தான் வருகிறது. அதற்கும் நடவடிக்கை இல்லையென்றால் காரைக்குடி நீதித்துறை நடுவர் முன் 175(3)-இல் மனு, பிரமாண வாக்குமூலத்தோடு. எஸ்.பி.க்கு அனுப்பிய ஒப்புகை இல்லாமல் நேராக நடுவரிடம் போனால் மனு திரும்பும். கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கிறது. புகாரின் முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘எஃப்.ஐ.ஆர். போட்டால் பணம் தானாக வரும்’ என்று ஊரில் சொல்வார்கள். கிரிமினல் வழக்கு தண்டனைக்கானது. ஜாமீன் நடவடிக்கை பண வசூலுக்கானதல்ல என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகு, முன்ஜாமீன் நிபந்தனையாகத் தொகை கட்டச் சொல்வதையும் நம்பியிருக்க முடியாது. அவர்கள் சொத்து வாங்கியிருந்தால், பி.என்.எஸ்.எஸ். 107-ஆம் பிரிவில் முடக்கக் கோரும்படி விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். அதிகம் பயன்படாத புதிய பிரிவு, ஆனால் கேட்பதில் செலவில்லை.

85,000-க்கு நான் முதலில் போகச் சொல்லும் இடம் நுகர்வோர் ஆணையம். அதுவும் சிவகங்கைக்கு அலைய வேண்டாம். செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் பிரிந்து கிடப்பது இங்கே உங்களுக்குச் சாதகம்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஆகவே புதுக்கோட்டை. கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்பதால் ஆணையக் கட்டணம் கிடையாது. முன்னதாக, அறக்கட்டளைக்கும் கையெழுத்திட்ட நிர்வாகிக்கும் தனித்தனியாக 15 நாள் கெடு வைத்து ஒப்புகையுடன் நோட்டீஸ் அனுப்புங்கள். அறக்கட்டளைப் பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுத்தால் அறங்காவலர்கள் யார் யார் என்பது தெரியும். பெயர்ப் பலகையில் இருக்கும் பெயரை மட்டும் எதிர்மனுதாரராகப் போட்டால், தீர்ப்பை யார் மேல் நிறைவேற்றுவது?

‘கல்வி, சேவை ஆகாது’ என்ற வாதம் நிச்சயம் வரும். பல்கலைக்கழகம், கல்லூரி விஷயத்தில் அதற்குத் தீர்ப்புகள் உண்டு. ஆனால் பயிற்சி மையங்கள் அந்தப் பாதுகாப்புக்குள் வராது என்று 2020-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லியிருக்கிறது. அதனால் பாடம் சரியாக நடத்தவில்லை என்பதை வலியுறுத்தாதீர்கள். தவறான விளம்பரம், நேர்மையற்ற வணிக நடைமுறை, அங்கீகாரம் பற்றிய பொய், இவைதான் உங்கள் குற்றச்சாட்டு. அவர்கள் அடித்த நோட்டீஸ், பிளக்ஸ் போட்டோ கிடைத்தால் சேருங்கள். இன்றும் ‘அரசு வேலை உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்கிறார்களா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லுங்கள், பயிற்சி மையங்களின் தேர்ச்சி, வேலை உத்தரவாத விளம்பரங்களுக்கு எதிராக 2024 நவம்பரில் தனி வழிகாட்டு நெறியே வந்திருக்கிறது.

நுகர்வோர் புகாருக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டு. பத்திரப்படி ஆறு மாதம் முடிந்த நாளிலிருந்து என்று நாம் எண்ணுவோம். பயிற்சி முடிந்த நாளிலிருந்தே என்று அவர்கள் எண்ணுவார்கள். அவர்கள் கணக்குக்குள் போட்டுவிடுவது நல்லது. தாண்டிவிட்டால் காரணம் காட்டித் தாமத மன்னிப்பு மனு சேர்க்க வேண்டும். அதுவும் சரிப்படாவிட்டால் சிவில் வழக்கு, மூன்று ஆண்டுக்குள். மோசடி என்றால் அது தெரியவந்த நாளிலிருந்து எண்ணிக்கை. கோர்ட் கட்டணம் கேட்கும் தொகையில் மூன்று சதவீதம். வழக்கை மகள் பெயரில் நடத்தினால் பெண் என்ற காரணத்தாலேயே, வருமானம் பாராமல், சட்டப்பணிகள் குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார், எண் 15100.

இனி அந்த இரண்டரை லட்சம். ‘கைமாற்றுக் கடனாகக் கொடுத்தேன்’ என்று எழுதச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். ‘மேலே கொடுக்கணும்’ என்ற அந்த மெசேஜ் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியாக வரும். அத்தோடு உங்கள் உண்மையான 85,000-ஐயும் யாரும் நம்பமாட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கொடுத்த நோக்கம் தவறாக இருந்தாலும், பொய் சொல்லிப் பணம் பறித்தது குற்றம்தான். ஆனால் ஊழல் தடுப்புச் சட்டம் 8-ஆம் பிரிவில் லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் தெரிவித்தால்தான் அதில் விலக்கு, அந்த நாள் போய்விட்டது. பணம் எந்த அரசு ஊழியரையும் எட்டவே இல்லை, உறவுக்காரரே சுருட்டிக்கொண்டார் என்றால் நிலைமை உங்களுக்கு இலேசாகும். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தப் பகுதியை எழுதும் முன் ஒரு கிரிமினல் வக்கீலிடம் மெசேஜ்களை முழுதாகக் காட்டிவிடுங்கள். சிவில் கோர்ட்டில் ஒப்பந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவைக் காட்டித் திருப்பிக் கேட்கலாம். இருதரப்பும் ஒரே தவறில் பங்கு என்று தள்ளப்படவும் வாய்ப்பு அதிகம். நுகர்வோர் புகாரில் இந்தத் தொகையைச் சேர்க்கவே கூடாது.

ஆகையால் உறவுக்காரரிடம் பேசித் தீர்ப்பதுதான் இதற்கு நடைமுறை வழி. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசுங்கள், தவறில்லை. ஆனால் ‘எனக்குப் புகார் இல்லை’ என்ற கையெழுத்து, பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான். பின்தேதியிட்ட செக் கொடுத்தால் அதிகம் மகிழாதீர்கள். திரும்பினால் 30 நாளுக்குள் நோட்டீஸ், 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு என்ற கணக்கு ஒருபுறம். இது சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனே அல்ல என்ற வாதம் மறுபுறம். எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு சமரசம் என்றால் கோர்ட் அனுமதியும் வேண்டும். போக்குவரத்துக் கழக வேலைக்குப் பணம் வாங்கிய வழக்கில், சமரசத்தை ஏற்று ரத்து செய்த உத்தரவை 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டதை மறக்க வேண்டாம்.

கடைசியாகச் சான்றிதழ். அசல் மதிப்பெண் சான்றிதழை அடகுப் பொருள்போல் வைத்துக்கொள்ள அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. நோட்டீஸில் இதைத் தனிக் கோரிக்கையாக வையுங்கள், புகாரிலும் எழுதுங்கள். அவசரத்துக்கு ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதி இரண்டாம் படி வாங்கப் போகாதீர்கள். அவர்களிடம் இருப்பது தெரிந்தே எழுதினால் அது பொய் வாக்குமூலம், நாளைக்கு அதையே உங்கள் மேல் திருப்புவார்கள். மகள் இதற்கிடையில் ஏதாவது அரசுத் தேர்வுக்கு விண்ணப்பித்தால், ஆர்.டி.ஐ. பதில் வரும்வரை இந்தப் பயிற்சிச் சான்றிதழைத் தகுதியாகக் காட்ட வேண்டாம்.