உருண்டைப் பட்டாணி ஏன் ஜெயிக்கிறது? செல்லும் மரபியலும்: கேள்வி பதில்

பிளஸ் ஒன், பிளஸ் டூ, நீட் மாணவர்கள் கேட்டதில் திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். மார்க்குக்கு எழுத வேண்டியது கைடிலேயே இருக்கிறது. கைடில் இடம் போதாமல் விட்டதை இங்கே பார்ப்போம்.

பிளஸ் ஒன் மாணவர், தஞ்சாவூர்: சார், சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாதாம். அப்புறம் எப்படி அதைச் செல் என்கிறோம்?

முதலில் இருந்தது தம்பி. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது உட்கரு உண்டு. இரத்த ஓட்டத்தில் இறங்குவதற்கு முன் அதை வெளியே தள்ளிவிடும், ஆக்சிஜனைச் செலவழித்துச் சக்தி எடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவையும் இழந்துவிடும். மிஞ்சிய இடமெல்லாம் ஹீமோகுளோபினுக்கு. சுமந்து போகிற ஆக்சிஜனைத் தானே தின்று தீர்க்காமல், குளுக்கோஸைச் சிதைத்தே காலம் தள்ளும். ஆனால் புதிதாகப் புரதம் செய்துகொள்ள வழியில்லை, பழுதானால் பழுதானதுதான். சுமார் 120 நாளில் கதை முடியும். பரீட்சையில் 'பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணு' என்று முழுசாக எழுது. கோழிக்கும் தவளைக்கும் சிவப்பணுவில் உட்கரு இருக்கிறது.

பிளஸ் டூ மாணவி, விருதுநகர்: 3:1 என்றால் நாலு பிள்ளையில் ஒருத்தருக்கு ஒடுங்குபண்பு வந்தே தீருமா? எங்கள் சொந்தத்தில் அப்படி வரவில்லையே.

வர வேண்டிய கட்டாயம் இல்லைம்மா. ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படுவது ஓங்குபண்பு, இரண்டு பிரதியும் இருந்தால் மட்டும் வெளிப்படுவது ஒடுங்குபண்பு. பெற்றோர் இருவரிடமும் இரண்டு வகையிலும் ஒவ்வொரு பிரதி இருந்தால் பிள்ளைகளில் சராசரியாக மூன்றுக்கு ஒன்று என்பதுதான் 3:1. ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது; முந்தைய மூன்று பேருக்கு என்ன வந்தது என்பது நான்காவது கருமுட்டைக்குத் தெரியாது. பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபியல் விதிகளைக் கண்ட மெண்டலின் தோட்டத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 253 கலப்புச் செடிகளிலிருந்து அவர் எடுத்த விதைகள் 7324. அதில் உருண்டை 5474, சுருங்கியவை 1850. வகுத்துப் பார், 2.96 வரும். ஆனால் ஒரு செடியில் 43 உருண்டைக்கு இரண்டே இரண்டு சுருங்கிய விதைகள்; இன்னொன்றில் 14 உருண்டை, 15 சுருக்கம்! இதையும் அவர் மறைக்காமல் 1866 கட்டுரையில் எழுதி வைத்தார். அந்தக் கடைசிச் செடியை மட்டும் பார்த்திருந்தால் விகிதமே கண்ணில் பட்டிருக்காது. ஏழாயிரம் விதையில் தெரிகிற ஒழுங்கை நாலு பிள்ளையில் தேடாதே.

நீட் மாணவர், சேலம்: உருண்டை விதைக்கான கேப்பிடல் ஆர், சுருங்கிய விதைக்கான ஸ்மால் ஆரை எப்படி அமுக்குகிறது? ஏதாவது கெமிக்கல் அனுப்பித் தடுக்கிறதா சார்?

இந்த வாரத்தில் வந்த நல்ல கேள்வி இதுதான். பெற்றோரின் ஜீன்கள் பிள்ளைகளில் எப்படிச் சேரும் என்று கணக்கிடும் பன்னெட் கட்டம் போடக் கற்றுக்கொடுக்கிறோம், கட்டத்துக்குள் இருக்கிற எழுத்து செல்லுக்குள் என்ன செய்கிறது என்று சொல்வதில்லை.

அமுக்குவது எதுவும் நடக்கவில்லை. பட்டாணி விதைக்குள் சர்க்கரை வந்து சேருகிறது, அங்கே ஸ்டார்ச்சாக மாறுகிறது. ஸ்டார்ச் கிளை கிளையாகப் பிரிந்து வளர ஒரு நொதி வேண்டும். கேப்பிடல் ஆர் என்பது அந்த நொதிக்கான ஜீனின் சரியான வடிவம். ஸ்மால் ஆரும் அதே ஜீன்தான். ஆனால் அதற்கு நடுவில் சுமார் 800 எழுத்து இணை நீளத்துக்கு வேறொரு டிஎன்ஏ துண்டு வந்து செருகிக்கொண்டிருக்கிறது. அதனால் உருப்படியான நொதி வருவதில்லை. இங்கிலாந்தின் நாரிச் நகரில் இருக்கும் ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்தில் இதைக் கண்டுபிடித்து 1990-இல் வெளியிட்டார்கள். மெண்டல் எழுதி நூற்றிருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இனி நடப்பதைப் பார். இரண்டும் ஸ்மால் ஆர் என்றால் நொதி இல்லை, ஸ்டார்ச் குறைவு, சர்க்கரை மிச்சம். சர்க்கரை மிஞ்சினால் சவ்வூடு பரவலில் தண்ணீர் அதிகமாக உள்ளே வரும், விதை உப்பும். முற்றிக் காயும்போது அந்தத் தண்ணீர் போய்விடுகிறது, தோல் தொய்ந்து சுருங்குகிறது. ஒரு கேப்பிடல் ஆர் இருந்தால்கூட விதை உருண்டையாக நிற்கப் போதுமான நொதி கிடைத்துவிடும். ஸ்மால் ஆர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மஞ்சள், பச்சை விதையும் இதே கதை. முற்றும்போது பச்சையத்தைச் சிதைக்கும் வேலை நடந்தால் மஞ்சள். நடக்காவிட்டால் பச்சை அப்படியே தங்கிவிடும்.

அதே மாணவர்: அப்படியென்றால் ஒரு கேப்பிடல் ஆர், ஒரு ஸ்மால் ஆர் உள்ள விதையில் ஸ்டார்ச் மணியின் அளவு மட்டும் ஏன் இடைப்பட்டதாக இருக்கிறது? முழுமையற்ற ஓங்குதன்மை என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே. எதை எழுதுவது?

விடமாட்டாய் போல! கேள்வியில் எதைக் கேட்கிறான் என்று பார்த்து எழுது. விதையின் வடிவம் என்றால் முழு ஓங்குதன்மை. மைக்ராஸ்கோப்பில் தெரியும் மணியின் அளவு என்றால் முழுமையற்றது. பாதி நொதி, நடுத்தர மணி. ஆனால் உருண்டையாக நிற்க அதுவே தாராளம். ஜீன் ஒன்றுதான், நீ பார்க்கிற இடம் மாறுகிறது.

இதைவிடப் பெரிய உதாரணம் நீலகிரியில் இருக்கிறது. அங்கே பழங்குடி மக்களிடையே கதிர் அரிவாள் இரத்தசோகையின் ஜீன் இருப்பது 1952-இலேயே பதிவானது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுடாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின். டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம். ஒரு பிரதி மட்டும் உள்ளவருக்குப் பொதுவாக நோய் தெரியாது, அதனால் நோயை ஒடுங்குபண்பு என்கிறோம். அவருடைய இரத்தத்தைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு வகை ஹீமோகுளோபினும் இருக்கும். புரத அளவில் அது இணை ஓங்குதன்மை. இந்த இரண்டையும் சேர்த்து எழுதினால் திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

பெயர் வேண்டாம் என்ற மாணவி: அப்பா ஏபி, அம்மா பி. என் ஐடி கார்டில் ஓ பாசிட்டிவ். பாடத்தின்படி நான் எப்படி சார்?

பதறாதேம்மா. ஏபி அப்பா ஏ ஜீனையோ பி ஜீனையோ கொடுத்தே ஆக வேண்டும், அதனால் பாடத்தின்படி ஓ வராது என்பதுதான் உன் கவலை. வீட்டில் பஞ்சாயத்து வைப்பதற்கு முன் மூன்று பேரும் ஒரு நல்ல லேபில் மறுபடி பரிசோதித்துக்கொள்ளுங்கள். கேம்ப்பில் நூறு பேருக்கு அவசரமாகச் சொட்டு வைத்துப் பார்க்கும்போது மாற்றி எழுதுவது சாதாரணமாக நடக்கும்.

மறுபடியும் ஓ என்றே வந்தாலும் முடிவு கட்டாதே. ஏ, பி சர்க்கரைகள் சிவப்பணுவின் மேல் ஒட்டுவதற்கு முதலில் எச் என்றொரு அடித்தளம் வேண்டும். அதைச் செய்யும் ஜீனின் இரண்டு பிரதியும் வேலை செய்யாவிட்டால், ஏ ஜீனோ பி ஜீனோ இருந்தும் ஒட்ட இடமில்லை. சாதாரணப் பரிசோதனையில் ஓ மாதிரியே தெரியும். இதை 1952-இல் மும்பையில் பெண்டேயும் சக மருத்துவர்களும் கண்டுபிடித்தார்கள், அதனால்தான் பம்பாய் குரூப். அபூர்வம்தான். ஆனால் அவர்களுக்கு ஓ இரத்தம்கூட ஏற்றக் கூடாது, ஆபத்து. அதனால் லேபில் 'எச் ஆன்டிஜென் பாருங்கள்' என்று சொல்லி எழுதி வாங்கு.

பிளஸ் ஒன் மாணவர், கடலூர்: டிஎன்ஏ இரட்டிப்பான பிறகு குரோமோசோம் 46-ஆ, 92-ஆ?

46. இரட்டிப்பான குரோமோசோமின் ஒவ்வொரு இழையான குரோமாட்டிட்தான் 92. அந்த இரண்டு இழையும் சேர்ந்திருக்கும் இடமான சென்ட்ரோமியரை எண்ணு, குழப்பமே வராது. செல் பகுப்பில் இழைகள் விலகும் கட்டமான அனாஃபேஸில் சென்ட்ரோமியர் பிரிந்ததும் கொஞ்ச நேரம் 92 ஆகும்.

பிளஸ் டூ மாணவி, நாகர்கோவில்: வெங்காய வேர்நுனி பிராக்டிகலில் எல்லாமே இடைநிலைச் செல்லாக, அதாவது பகுப்பு தொடங்காத செல்லாகத் தெரிகிறது. பகுப்பே கிடைக்கவில்லை.

பெரும்பாலும் வெட்டுகிற இடம்தான் தப்பு. பகுப்பு நடப்பது நுனியின் கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில். அதற்கு மேலே போனால் செல்கள் நீளத்தான் செய்யும், பிரியாது. வேர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வந்ததும் காலை எட்டிலிருந்து பத்துக்குள் வெட்டி, ஒரு பங்கு அசிட்டிக் அமிலம், மூன்று பங்கு ஆல்கஹால் கலவையில் ஒரு நாள் போட்டு வை. பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லேசாகச் சூடாக்கு. இதைச் செய்யாமல் விட்டால் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கும்பலாக நிற்கும். அசிட்டோகார்மினில் நுனி மட்டும் கருஞ்சிவப்பாகத் தெரியும். அதை மட்டும் ஸ்லைடில் வைத்து, மிச்சத்தைத் தூக்கிப் போடு. கவர்ஸ்லிப் மேல் வடிதாளை வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்து. பக்கவாட்டில் நழுவினால் செல்கள் உருண்டு வீணாகிவிடும். அப்போதும் பாதிக்கு மேல் இடைநிலைதான் இருக்கும், செல் தன் காலத்தின் பெரும்பகுதியை அதில்தான் கழிக்கிறது. முதலில் பத்து மடங்கு லென்ஸில் தேடு, கிடைத்த பிறகு நாற்பதுக்குப் போ.