கப்பல் காங்கேசன்துறைக்கு வருகிறது, வன்னியில் யார் இறங்குவார்கள்?

மாங்குளத்துக்குக் கிழக்கே, குளக்கட்டுக்குக் கீழே மூன்று அறை வீடும் பழைய ஹையேஸ் வானும் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "நாகபட்டினக் கப்பல் ஓடத் தொடங்கினதிலயிருந்து இந்திய ஆக்கள் வருகினம் எண்டு எல்லாரும் சொல்லுகினம். தங்கச்சி குடும்பம் திருச்சியில இருக்கு. அவை ஆக்களைச் சேர்த்து அனுப்பினால் நான் ஏத்தி இறக்கி வீட்டில தங்க வைக்கலாமோ? வங்கியில கடன் எடுத்து இன்னும் நாலு அறை கட்டட்டோ? தலைமன்னார்க் கப்பலும் வந்திட்டால் எங்கட பக்கம் என்னவாகும்?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். வடக்கில் சுற்றுலாவுக்கென்று கடன் எடுப்பவர்கள் பலர் அந்த நம்பிக்கையில்தான் எடுக்கிறார்கள்.

தலைமன்னார் வழி புதிதல்ல. 1914இல் பாம்பன் பாலம் திறந்த காலம் தொட்டு, சென்னையில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போனார். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளின் தொடக்கத்தில், போர் மூண்ட காலத்தோடு நின்றுபோனது. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு ரயில் திரும்பி வந்தது. 2023 ஜூலையில் டில்லியில் வெளியிட்ட இருநாட்டுத் திட்ட ஆவணத்திலும், 2024 டிசம்பர்க் கூட்டறிக்கையிலும் இராமேசுவரம்–தலைமன்னார்க் கப்பலுக்கு இடம் உண்டு. முதலாவதில் தரைவழித் தொடர்புக்கான ஆய்வு பற்றியும் பேச்சு இருக்கிறது. இதை எழுதும்வரை அந்த வழியில் ஓடுகிற கப்பல் எதுவும் இல்லை. அது வரும் நாளில் மன்னார்க்காரருக்கு முதல் யோகம். உங்களுக்கும் ஒரு பங்கு கிடைக்கும். ஆனால் அறிக்கையில் மிதக்கிற கப்பலை நம்பி அத்திவாரம் வெட்ட வேண்டாம்.

இப்போது உண்மையில் திறந்திருக்கும் வாசல்கள் இரண்டு. ஒன்று நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல்: 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கி, சில நாட்களிலேயே பருவமழைக்காக நின்று, 2024 ஓகஸ்ட் 16இல் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஓடியது. சுமார் நான்கு மணித்தியாலப் பயணம். மற்றது பலாலி விமான நிலையம்: சென்னையிலிருந்தும், 2025 மார்ச் முடிவிலிருந்து திருச்சியிலிருந்தும் விமானம். இரண்டு வாசலும் யாழ்ப்பாணத்தில்தான். வந்திறங்குபவர் கீரிமலை, நல்லூர், நயினாதீவு பார்ப்பார். பிறகு ஏ9 வீதியால் தெற்கே போவார்.

வன்னி அவருக்கு ஒரு ஜன்னல். இரவு பஸ் என்றால் அந்த ஜன்னலிலும் திரை. பகலில் வான் பிடித்து வருபவர்கள் முறிகண்டியில் நிறுத்துவார்கள்: பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்து, முகம் கழுவி, வீதியோரப் பெண்களிடம் கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். கால் மணித்தியாலம். பல இந்திய யாத்திரிகர்கள் வன்னியில் விட்டுப் போகும் காசு அந்தக் கச்சான் சரைக்குள் அடங்கிவிடுகிறது. நீங்கள் செய்ய வேண்டியது அந்தக் கால் மணித்தியாலத்தை ஓர் இரவாக்குவது.

அதற்கு முன், உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லைதாண்டிய சுற்றுலா என்றவுடன் வருகிற ஆட்களையே கணக்குப் பார்க்கிறோம். போகிற ஆட்களையும் பாருங்கள். கப்பல் வழமையாகக் காலையில் நாகபட்டினத்தில் புறப்பட்டு மதியமளவில் காங்கேசன்துறைக்கு வரும், பிற்பகல் திரும்பும். நாகபட்டினத்தில் இறங்கினால் வேளாங்கண்ணியும் நாகூரும் பக்கத்திலேயே. சிதம்பரம் இரண்டு மூன்று மணித்தியால ஓட்டம். மாங்குளம், மல்லாவி, முல்லைத்தீவு, மடுப் பக்கத்தில் வேளாங்கண்ணிக்கு நேர்த்தி வைத்திருக்கிற குடும்பங்கள் எத்தனை? சிதம்பரத்துக்கு, திருச்சி ஆஸ்பத்திரிக்கு, கலியாணச் சேலை எடுக்கவென்று போகிறவர்கள்? அவர்களை விடியப்புறம் ஏற்றிக் கொண்டுபோய்த் துறைமுகத்தில் விட்டால், அதே கப்பலில் வந்தவர்கள் அதே வாசலால் வெளியே வருவார்கள். மாங்குளத்திலிருந்து காங்கேசன்துறை 100 கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஒரு பக்கம் வெறும் வானாக ஓடினால் டீசல் காசிலேயே இலாபம் போய்விடும். உங்கள் முதல் வாடிக்கையாளர் திருச்சிக்காரர் அல்ல, அயல் கிராமத்துக்காரர் என்பது என் எண்ணம்.

போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தியாவின் இணையவழி விசா, அவர்கள் பெயர் குறித்து அறிவித்த விமான நிலையங்கள், துறைமுகங்கள் வழியாக மட்டுமே செல்லும். கப்பலில் போக நினைப்பவர் சீட்டு வாங்கும் முன்பே தன் விசா நாகபட்டினத்தில் ஏற்கப்படுமா என்று கப்பல் நிறுவனத்திடமோ யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத் தூதரகத்திடமோ கேட்டு உறுதிசெய்ய வேண்டும். வருகிற இந்தியர் புறப்படும் முன்பே இலங்கையின் இணையவழிப் பயண அனுமதியை எடுத்துக்கொள்வது நல்லது. கட்டணமும் விதியும் அடிக்கடி மாறியிருப்பதால், அரசின் தளத்தைத் தவிர வேறெங்கும் காசு கட்ட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். அரச தளம் போலவே தோன்றும் போலித் தளங்கள் உண்டு. கனடா, லண்டன் உறவினர் சென்னையில் இறங்கிக் கப்பலில் வந்து அதே வழியால் திரும்புவதானால், பலமுறை நுழையக்கூடிய இந்திய விசா வேண்டும். இதைக் கவனிக்காமல் வந்து இங்கே மாட்டிக்கொண்டால், துறைமுகத்துக்குக் கூட்டிப் போன வான்காரருக்குத்தான் பேச்சு விழும்.

இனி அந்த ஓர் இரவு. தமிழ்நாட்டுக் குழு எதற்காக மாங்குளத்தில் தங்கும்? கடற்கரைக்காக அல்ல; கடல் அவர்களிடமும் இருக்கிறது. கோயிலுக்கும் கதைக்கும் தங்கும். பூம்புகாரில் பிறந்து மதுரையை எரித்த கண்ணகி கடல் கடந்து வந்து ஆறியமர்ந்த இடம் வற்றாப்பளை என்பது வன்னியின் ஐதிகம். வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்த உப்பு நீரில் விளக்கெரிக்கிறார்கள். பூம்புகார் நாகபட்டினத்திலிருந்து கரையோரமாக வடக்கே போகிற தூரம்தான். கதையின் தொடக்கத்தை அங்கே படித்தவருக்கு அதன் கடைசி அத்தியாயம் நந்திக்கடலோரத்தில் இருப்பது தெரியாது. பூம்புகார், மதுரை, வற்றாப்பளை என்று ஒரு பயணத்தை நாகபட்டினத்து முகவர் ஒருவர் விற்கத் தொடங்கினால், இரண்டு அரசுகளும் கையெழுத்திடாமலே ஒரு எல்லைதாண்டிய வழி பிறந்துவிடும். வைகாசியில் கடலும் பெரும்பாலும் பயணத்துக்கு இடம் கொடுக்கும்.

கத்தோலிக்கருக்கு மடு மாதா கோயில். மடுத் திருவிழா ஓகஸ்ட் 15. வேளாங்கண்ணியில் கொடியேற்றம் ஓகஸ்ட் 29, பெருவிழா செப்டெம்பர் 8. இரண்டுக்கும் இடையில் இரண்டு வாரம். அங்கேயிருந்து மடுவுக்கு வருபவரும் இங்கேயிருந்து வேளாங்கண்ணிக்குப் போகிறவரும் ஒரே மாதத்தில் ஒரே கப்பலில்.

வழியை இப்படி வளைத்துப் பாருங்கள். முதல் இரவு யாழ்ப்பாணம். மறுநாள் காலை சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி போய், ஏ32 வீதியால் தெற்கே இறங்கி, சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம். மதியத்துக்குப் பின் மடு. பொழுதுபட பறயனாலங்குளம், வவுனியா வழியாக உங்கள் வீடு. அது நீண்ட ஓட்டம், ஆனால் பகலில் முடிந்துவிடும். உள்வீதிகளில் இருட்டில் யானை நிற்கும், குறுக்கு வழி வேண்டாம். மூன்றாம் நாள் விடிய, வெயில் ஏறமுன் குளக்கட்டில் ஒரு நடை, பிறகு ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர், வற்றாப்பளை, முல்லைத்தீவு. பரந்தன் வழியாக வடக்கே திரும்பலாம்.

பறவை பார்க்க வருபவர்கள் வேறு சாதி, அவர்களின் நாட்காட்டியும் வேறு. மன்னார்த் தீவின் பூநாரையும் வங்காலைச் சரணாலயத்துக்கு வலசை வரும் வாத்துகளும் மாரி காலத்தில் வருபவை. கப்பல் நிற்பதும் அதே மாரியில். ஆகவே பறவைக்காரரைக் கப்பலோடு சேர்த்து விற்க முடியாது. அவர்களுக்குப் பலாலி விமானம். தலைமன்னார்க் கப்பல் வந்தாலும் வடகீழ்ப் பருவக்காற்று அதற்கும் அதே காற்றுத்தான்.

அரசுகளின் ஒத்துழைப்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்று கேட்பீர்கள். எங்கள் கண்ணெதிரே ஒரு சாட்சி இருக்கிறது: கச்சதீவு அந்தோனியார் திருவிழா. 1974 உடன்படிக்கையின்படி இந்திய யாத்திரிகர்கள் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் வரலாம். அப்படிப்பட்ட வழியிலேயே 2024இல், மீனவர் சிறைவைப்பை எதிர்த்து இராமேசுவரத்து ஆட்கள் வராமல் விட்டார்கள். வட இந்தியாவைப் பார்த்தாலும் அப்படித்தான்: 2019 நவம்பரில் பாகிஸ்தானிலுள்ள சீக்கியத் தலத்துக்கு விசா இல்லாமல் போகத் திறந்த கர்தார்பூர்ப் பாதையை 2025 மே மாதத்தில் இந்தியா நிறுத்தியது. இந்தியப் படகுகளின் இழுவைமடி மீன்பிடிப் பிரச்சினை தீராதவரை பாக்கு நீரிணையில் எந்தச் சேவையும் ஒரு வாரச் செய்தியில் ஆட்டம் காணும். வருமானத்தில் பாதிக்கு மேல் எல்லை கடந்து வருகிற ஆட்களை நம்பி வைக்காதீர்கள். கொழும்பிலிருந்து வரும் குடும்பங்களும், விடுமுறைக்கு வரும் வெளிநாட்டு உறவுகளும் அறையை நிரப்பட்டும்.

தங்கச்சி விடயம். திருச்சியில் அவர்கள் ஆட்களைச் சேர்த்துக் காசு வாங்கினால் அது பயண முகவர் வேலை. அகதிப் பதிவில் இருக்கிற குடும்பம் என்றால் அந்த வம்பே வேண்டாம். அங்கே பதிவுள்ள முகவர் ஒருவரை அறிமுகப்படுத்திவிடுவதோடு தங்கச்சியின் பங்கு முடியட்டும். இங்கேயும் பயணப் பொதி விற்க, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் முகவர் அனுமதி தேவை. நீங்கள் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ உள்ள அனுமதி பெற்ற முகவருக்குக் கீழே தங்குமிடமும் வாகனமும் கொடுப்பவராக நில்லுங்கள். வீட்டை ஹோம்ஸ்டே என்று அதே சபையில் பதியுங்கள். பிரதேச சபையையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் முன்கூட்டியே பாருங்கள். வானுக்கு வாடகைப் பயணிகளுக்கான காப்புறுதி இருக்கிறதா? தனியார் பாவனைக் காப்புறுதியோடு வாடகைக்கு ஓடி விபத்து நடந்தால் வீடும் சேர்ந்து போகும். மகனோ மகளோ ஆர்வமாக இருந்தால் பிரதேச வழிகாட்டி அனுமதிக்குப் படிக்க விடுங்கள். கண்ணகி கதையைச் சரியாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை இரண்டு அறைக்குச் சமம்.

காசு வாங்குவது இப்போது லேசு. 2024 பெப்ரவரி முதல் இந்தியர்கள் தங்கள் யூ.பி.ஐ. செயலியால் லங்கா கியூ.ஆர். பலகையை ஸ்கேன் செய்து கட்டலாம். உங்கள் கணக்கில் இலங்கை ரூபாயாக விழும். வங்கியில் கேட்டால் பலகை தருவார்கள்.

சமையலறையில் ஒரு கவனம். தமிழ்நாட்டு யாத்திரிகர் பலர் சைவம். நாங்கள் சைவக் கறி என்று வைப்பதில், ஏ9 கடைகளில் வாங்கி வருகிற சம்பலில் மாசிக் கருவாடு கிடக்கும். ஒரு கரண்டியை மீன்சட்டிக்குள்ளும் பருப்புக்குள்ளும் விடுகிற பழக்கமும் எங்களிடம் உண்டு. சைவத்துக்குத் தனிச் சட்டி, தனி அகப்பை. முட்டித் தயிரும் காலத்துக்குப் பாலைப்பழமும் கொடுங்கள். அசைவக்காரருக்குக் குளத்து விரால் போதும். ஜப்பான் மீனின் (திலாப்பியா) முள்ளுக்கு அவர்கள் பழக்கமில்லை.

முள்ளிவாய்க்காலைப் பட்டியலில் 'பார்க்கும் இடம்' என்று போடாதீர்கள். யாராவது கேட்டால் கூட்டிப் போங்கள், நின்று வணங்கட்டும், வீடுகளையும் ஆட்களையும் படம் எடுக்க விடாதீர்கள். காட்டோரத்தில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் வீதியை விட்டு ஒருவரும் இறங்கக்கூடாது. அவசரத்துக்கு ஒதுங்கவும் கூடாது. அதை வானில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

நாலு அறைக்குக் கடன் வேண்டாம். இருக்கிற மூன்றுக்கும் உள்ளேயே குளியலறை கட்டுங்கள்: நல்ல தண்ணி அழுத்தம், வெள்ளை விரிப்பு, நுளம்புவலை, விடிய ஐந்து மணிக்குக் கோப்பி. மடுத் திருவிழாவும் வைகாசிப் பொங்கலும் இரண்டு பருவம் போகட்டும். அந்த நாட்களில் இடமில்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால், அப்போது நாலாவது அறைக்கு மட்டும் மதிப்பீடு எடுங்கள்.