கைப்பேசி வழி ஆங்கிலம்: மாணவர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாள்தோறும் இருபது ஆங்கிலச் சொற்களைக் கைப்பேசியில் குறித்து மனனம் செய்கிறேன். ஒரே வாரத்தில் பெரும்பாலானவை மறந்துவிடுகின்றன. ஏன்?

பதில்: மறதி உங்கள் குறை அன்று. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து சோதித்து, மறதி தொடக்கத்தில் மிக விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்று 1885-இலேயே எழுதினார். ஆங்கி (Anki) போன்ற, ஒருபுறம் சொல்லும் மறுபுறம் விடையுமாக அட்டைகளைக் காட்டும் செயலிகள், நீங்கள் ஒரு சொல்லை எவ்வளவு எளிதாக நினைவுகூர்ந்தீர்கள் என்பதைக் கொண்டு, அது மீண்டும் வர வேண்டிய நாளைத் தள்ளிவைக்கின்றன. இருபதை எட்டாகக் குறையுங்கள். தனிச்சொல்லாக அல்லாமல் தொடராக எழுதுங்கள். மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’ என்பது தனிச்சொற் பட்டியலில் தெரியாது. அட்டையைப் புரட்டுமுன் விடையை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பார்த்துவிட்டுத் தலையாட்டுவது படிப்பாகாது.

கேள்வி: எந்தச் செயலி சிறந்தது?

பதில்: எதற்கு என்று சொல்லுங்கள்.

கேள்வி: ஆங்கிலப் படங்களைத் தமிழ் சப்டைட்டிலுடன் பார்ப்பது பயன் தருமா?

பதில்: கதை புரியும். ஆனால் கண் தமிழைப் படிக்கும்போது காது ஓய்வெடுத்துக்கொள்ளும். ஆங்கில சப்டைட்டிலை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதை மறுக்கிறேன். நான் தமிழ் வரிகளோடுதான் தொடங்கினேன். ஆங்கில வரிகளை மட்டும் வைத்தால் தொடக்கநிலை மாணவர் பத்தே நிமிடத்தில் அணைத்துவிடுவார்.

பதில்: பாதியை ஏற்கிறேன். தொடக்கநிலையில் உள்ளவர் ஒரு காட்சியைத் தமிழ் வரிகளோடு ஒருமுறை பார்த்துக் கதையை அறிந்துகொண்டு, அதே காட்சியை ஆங்கில வரிகளோடும் பின்னர் வரிகளே இல்லாமலும் பார்க்கலாம். ஆனால் முழுப்படத்தையும் அப்படிப் பார்க்க எவருக்கும் பொறுமை இராது என்பதால் மூன்று நிமிடக் காட்சியே போதும் என்கிறேன். தமிழ் வரிகளிலேயே நின்றுவிட்டவர்களைத்தான் நான் எச்சரித்தேன்.

கேள்வி: அப்படியானால் முதலிலிருந்தே வரிகள் இல்லாமல் பார்ப்பதுதானே நேர்வழி?

பதில்: இல்லை. ஆங்கிலப் பேச்சில் அழுத்தம் பெறாத அசைகள் தேய்ந்துபோவதால், படித்தால் தெரியும் சொல்லும் காதுக்குப் பிடிபடாது. தேய்ந்த ஒலியையும் முழு வடிவத்தையும் இணைத்துக் காட்டுவதே ஆங்கில வரிகளின் பயன்.

கேள்வி: ஆங்கிலத்தில் பேசிப் பழக எனக்கு யாருமில்லை.

பதில்: கைப்பேசியின் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது, அதை ஏனோ எவரும் திறப்பதில்லை. அரை நிமிட உரையைக் கேட்டு, அதே வேகத்தில் பேசிப் பதிந்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ‘ரெக்கார்ட்’ பெயர்ச்சொல்லானால் முதல் அசையிலும் வினைச்சொல்லானால் இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழும். இத்தகைய பிழையை உங்கள் காதே கண்டுபிடிக்கும். உரையாடலுக்கு இது ஈடாகாது. ஆனால் வாய்க்கூச்சத்தைப் போக்கும்.

கேள்வி: சிறந்த செயலி ஒன்றைச் சொல்லுங்களேன்.

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: இரவில் படித்தால் கண் எரிகிறது.

பதில்: கண் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: கட்டுரையைத் தமிழில் எழுதி மொழிபெயர்ப்புச் செயலியில் இடலாமா?

பதில்: ‘அவர் வந்தார்’ என்று இட்டுப் பாருங்கள். அவர் ஆணா பெண்ணா என்பதைச் செயலி ஊகித்துத்தான் எழுதும். ஊகம் தவறென்று கண்டுபிடிக்கவே உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டும். முதலில் நீங்களே ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிறகு செயலியின் வரியை அருகில் வைத்து, வேறுபடும் இடங்களை மட்டும் அகராதியில் தேடுங்கள். விடையை முதலில் பார்க்காதீர்கள் என்று முதல் கேள்விக்கே சொல்லிவிட்டேன்.