மேனேஜர் நாற்காலிக்கு ஆசைப்படலாமா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 38. அரசு வங்கியில் கிளார்க். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்ததால் ஆபீசர் பிரமோஷனை இரண்டு முறை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது இருவரும் ஹைஸ்கூல் வந்துவிட்டார்கள். இந்த வருஷம் பரீட்சை எழுத ஆசையாக இருக்கிறது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபக்குறிப்பாகச் சொன்னேன். மூத்த அம்மா ஒருவர் உடனே வேதத்தைத் திறந்து, "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே" என்று வாசித்துவிட்டார். அன்றிலிருந்து புத்தகத்தைத் தொடவில்லை. கணவர் "எழுது, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள் இன்று மேனேஜர். அவளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு குறுகிப் போகிறது. முன்னேற ஆசைப்படுவது பாவமா?
- பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: தங்கச்சி, நானும் வங்கியில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால்தான் பத்திரிகை ஆசிரியர் உன் கடிதத்தை மற்ற கடிதங்களுக்கு மேலே வைத்து அனுப்பியிருக்கிறார்.

முதலில் அந்த வசனம். எரேமியா 45. முழு அதிகாரமே ஐந்து வசனம்தான், இன்று ராத்திரி உட்கார்ந்து வாசித்துவிடு. அது பாருக்கு என்ற ஒரு மனுஷனுக்குச் சொன்னது. எரேமியா சொல்லச் சொல்ல எழுதியவன். அவன் கூடப்பிறந்த செராயா ராஜாவின் பரிவாரத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவன். பாருக்கு எழுதிய சுருளையோ ராஜா துண்டு துண்டாக அறுத்துக் கணப்புத் தீயில் போட்டான். எருசலேமே விழப் போகிற காலம். "நான் கட்டினதையே இடிக்கிறேன், இந்த நேரத்தில் நீ உனக்கென்று பெரிதாக எதைத் தேடுகிறாய்? உன் உயிரை உனக்குத் தருகிறேன், போ" என்கிறார் கர்த்தர். இடிகிற வீட்டிலிருந்து ஒருவனைக் கையைப் பிடித்து வெளியே இழுப்பதுபோன்ற பேச்சு அது. அதை எடுத்து, வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பெண்ணின் தலையில் வைப்பது நியாயமில்லை. அந்த அம்மா கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் சபைகளில் தேர்தல் வந்தால் வீடு வீடாக ஓட்டுக் கேட்டு வருகிற ஐயாமாரிடம் இந்த வசனத்தை யாராவது வாசித்திருக்கிறார்களா?

இயேசுவிடம் நேராகவே நாற்காலி கேட்டவர்கள் உண்டு. யாக்கோபும் யோவானும், ஒருவனுக்கு வலது பக்கம், ஒருவனுக்கு இடது பக்கம். மாற்குவில் பிள்ளைகள் கேட்கிறார்கள், மத்தேயுவில் அவர்கள் அம்மாவே வந்து கேட்கிறாள் (நம்ம ஊர் அம்மாதான்). மற்ற பத்துப் பேருக்கும் எரிச்சல் வந்துவிட்டது. அந்த நாற்காலி மேல் அவர்களுக்கும் ஒரு கண் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். இயேசு என்ன சொன்னார்? பெரியவனாக ஆசைப்படாதே என்று சொல்லவில்லை. "உங்களில் எவனாகிலும் பெரியவனாயிருக்க விரும்பினால், அவன் உங்களுக்குப் பணிவிடைக்காரனாயிருக்கக்கடவன்" என்றார். ஆசையை அப்படியே விட்டுவிட்டு, அது போகிற திசையைத் திருப்பிவிட்டார்.

வேலூர் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் கதையை நீ நூறு பிரசங்கத்தில் கேட்டிருப்பாய். அவர் டாக்டர் ஆவதற்கு முன்னே, திண்டிவனத்தில் ஒரே ராத்திரி மூன்று வீட்டிலிருந்து பிரசவம் பார்க்கக் கூப்பிட்டு ஆள் வந்ததும், ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்றதால் மூன்று பெண்களும் பிரசவத்தில் செத்துப்போனதும். பிரசங்கிமார் அந்த ராத்திரியோடு நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்ததெல்லாம் அதற்கு அப்புறம் நடந்ததுதான். இந்த அம்மா நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் படித்து 1899இல் பட்டம் வாங்கினார். 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தவர், 1902இல் நாற்பது கட்டில் ஆஸ்பத்திரி கட்டினார். அதோடு விட்டாரா? 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண்பிள்ளைகள் வருவார்களா என்று அதிகாரிகளுக்கே சந்தேகம் இருந்த காலம். 151 விண்ணப்பம் வந்தது. 17 பேரைச் சேர்த்தார். கடைசிவரை நின்ற 14 பேரும் 1922இல் அரசுத் தேர்வில் தேறினார்கள். அவர் பெரிய காரியத்தைத் தேடத்தான் செய்தார். ஆனால் அந்த இடத்தில் தான் மட்டும் உட்காராமல், இன்னும் பதினாலு பேரை உட்கார வைத்தார்.

சரி, உன் கிளைக்கு வருவோம். ஜூன், ஜூலையில் கல்விக் கடன் கேட்டு ஒரு அப்பா வருவார். பாலிதீன் பைக்குள் மகளின் மார்க் ஷீட், அட்மிஷன் கடிதம், ரேஷன் கார்டு, எல்லாம் நாலாக மடித்து வைத்திருப்பார். நாலு லட்சம் வரைக்கும் அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனாலும் "பட்டா இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிற கிளைகளை நீயும் பார்த்திருப்பாய், நானும் பார்த்திருக்கிறேன். கவுண்டரில் உட்கார்ந்து நீ எவ்வளவு பரிதாபப்பட்டாலும் அந்தத் தாளில் உன் கையெழுத்து செல்லாது. கண்ணாடி அறைக்குள் இருப்பவரின் பேனாதான் செல்லும். அந்தப் பேனா உனக்கு வேண்டுமென்றால் தாராளமாக ஆசைப்படு.

அதே அறைக்குள் டார்கெட்டும் இருக்கும். பிக்சட் டெபாசிட்டைப் புதுப்பிக்க வந்த எழுபது வயதுப் பாட்டியிடம் "இதிலே கையெழுத்துப் போடுங்கம்மா" என்று இன்சூரன்ஸ் பாலிசியைத் தள்ளிவிட்டால் மண்டல அலுவலகத்தில் கைதட்டுவார்கள். பாட்டிக்கோ அது வருஷா வருஷம் கட்ட வேண்டிய பணம் என்பதே தெரியாது. அங்கேதான் பாவம் உட்கார்ந்திருக்கிறது. அதை மறுத்தால் உன் அடுத்த பிரமோஷன் தள்ளிப்போகலாம். அதற்கும் சம்மதமா என்று இப்போதே உன்னைக் கேட்டுக்கொள்.

எனக்கு உறுத்தியது, நீ கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரி: உன்னோடு சேர்ந்தவளைப் பார்த்தால் மனசு குறுகுகிறது என்றது. பிலிப்பியர் 2:3 "வாதினாலாவது வீண்பெருமையினாலாவது" ஒன்றையும் செய்யாதே என்கிறது. அவளை ஜெயிக்கத்தான் பரீட்சை என்றால், நீ மேனேஜர் ஆகிற அன்று அவள் சீஃப் மேனேஜர் ஆகியிருப்பாள், உனக்கு மறுபடியும் தூக்கம் போகும். அவளுக்கே போன் போடு. பழைய கேள்வித்தாளும் நோட்ஸும் அவளிடம் இருக்கும், கேட்டு வாங்கு. ட்ரான்ஸ்பர் வேறு மாநிலத்துக்கு விழுந்தால் பிள்ளைகளின் பத்தாம் வகுப்பை என்ன செய்வது என்பதைக் கணவரோடு இப்போதே பேசி முடி. அவர் "பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்வது காலை டிபன் பாக்ஸையும் சேர்த்தா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்.

கேள்வி: நாகர்கோவிலில் சின்ன மரச்சாமான் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருஷமாக நஷ்டம். விசுவாசம் குறைவு, விதைக்காணிக்கை போட்டால் வியாபாரம் நூறு மடங்கு பெருகும் என்று ஒரு ஊழியர் சொல்கிறார். போடலாமா?
- ஒரு வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. பவுலுக்கு விசுவாசம் குறைவா? "மூன்றுதரம் கப்பற்சேதத்தில் இருந்தேன்" என்று அவரே எழுதியிருக்கிறார் (2 கொரிந்தியர் 11). அந்த ஊழியர் நஷ்டத்தில் பங்குக்கு வருவாரா என்று கேட்டுப் பாருங்கள். கையில் இருக்கிற பணத்தை முதலில் கடனுக்கு மரம் கொடுத்தவருக்குக் கொடுங்கள். அவர் வீட்டிலும் உலை வைக்க வேண்டும். அப்புறம் எந்தச் சாமான் ஓடுகிறது, எது தூசி பிடித்து நிற்கிறது என்று கணக்கு நோட்டோடு உட்காருங்கள்.