ரொனால்டோவின் கடைசி ஆண்டுகள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ரொனால்டோ சவூதியின் றியாத் நகரக் கழகமான அல் நஸருடன் 2027 வரை ஒப்பந்தத்தை நீட்டியதிலிருந்து நம்மவர்களுக்குள் வாக்குவாதம் ஓயவில்லை. தேநீர்க் கடையில் தொடங்கி, மைதானத்தில் பந்தைப் போட்டுவிட்டுச் சண்டை பிடிக்கும் அளவுக்குப் போய்விட்டது. சரி, கேள்விகளை அனுப்புங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். நான் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நீண்டகாலம் உதைபந்தாடியவன், இப்போது பிள்ளைகளைப் பழக்குகிறவன். ரொனால்டோமேல் எனக்குப் பிரியம் உண்டு. அதை மறைத்துக்கொண்டு பதில் சொல்லப் போவதில்லை.

பரந்தனிலிருந்து ஒரு தம்பி: அண்ணை, சவூதிக்குப் போனது காசுக்காகத்தானே? அதோடு அவருடைய கதை முடிந்ததுதானே?

காசு பெரிய காரணம்தான். அதை மறுக்க ஏலாது. ஆனால் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2021 ஓகஸ்டில் மன்செஸ்டர் யுனைட்டட்டுக்குத் திரும்பினார். அந்தப் பருவத்தில் 24 கோல் போட்டார், அணி ஆறாம் இடத்தில் முடித்தது. அடுத்த பருவம் எரிக் டென் ஹாக் பயிற்றுநராக வந்தார். பந்தை இழந்த உடனே எல்லோரும் ஓடி எதிரணியை நெருக்க வேண்டும் என்பது அவருடைய ஆட்டம். 37 வயதுக் கால்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை, மாற்று வீரர்களின் வாங்கில் இருக்க வேண்டி வந்தது. 2022 ஒக்டோபரில் டொட்டன்ஹாமுடனான ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்க மறுத்து, ஆட்டம் முடிவதற்கு முன்பே எழுந்து போனார். நவம்பரில் கழகத்தையும் பயிற்றுநரையும் சாடித் தொலைக்காட்சிப் பேட்டி கொடுத்தார். நவம்பர் 22இல் ஒப்பந்தம் முடிந்தது. அல் நஸர் அறிவிப்பு வந்தது டிசம்பர் 30இல்.

ஆக, சவூதி அழைத்ததால் அவர் ஐரோப்பாவை விட்டுப் போகவில்லை. ஐரோப்பாவில் பிணக்கு முற்றிய பிறகுதான் சவூதி. என் மனம் நொந்ததும் அந்த டொட்டன்ஹாம் இரவில்தான், றியாத்தில் அல்ல. நம் ஊரில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிவது வளைகுடாவிலிருந்து வரும் காசில்? வேலைக்கு நல்ல சம்பளம் கிடைக்கிற இடத்துக்குப் போனதற்காக ஒருவரை நான் குறை சொல்லமாட்டேன். ரொனால்டோவுக்குத் தேவை இருந்ததா என்று கேட்டால், இருக்கவில்லை. அவ்வளவுதான்.

முழங்காவிலிலிருந்து இரண்டு நண்பர்கள்: சவூதியில் போட்ட கோல்களைக் கணக்கில் சேர்க்கலாமா? பந்தயம் கட்டியிருக்கிறோம்.

சேர்க்கலாம். 2023-24 பருவத்தில் சவூதி லீக்கில் 35 கோல் போட்டது அந்த லீக்கின் சாதனை. பெலே 1969 நவம்பரில் மரக்கானாவில் போட்ட ஆயிரமாவது கோலை உலகமே கொண்டாடியது. அந்தக் கணக்கில் நட்புரீதியான ஆட்டங்களின் கோல்களும் இருந்தன. அப்படியிருக்க, லீக்கில் போட்ட கோலை ஏன் விட வேண்டும்? ரொனால்டோவின் 900ஆவது கோல் 2024 செப்டெம்பரில் குரோஷியாவுக்கு எதிராக, போர்த்துக்கல் சட்டையில் வந்தது. எண்ணிக்கையில் சேர்க்கலாம். மியூனிக்கில் போட்ட கோலும் றியாத்தில் போட்ட கோலும் ஒரே எடையா என்று கேட்டால், இல்லை. பந்தயக் காசில் இருவரும் ஒரு பந்து வாங்குங்கள்.

மாங்குளத்திலிருந்து ஓர் ஆசிரியர்: 2022 உலகக்கிண்ணத்தில் சுவிஸ் ஆட்டத்தில் அவரை வாங்கில் இருத்தியது சரியா? இன்றைக்கும் என் மாணவர்கள் இதில்தான் சண்டை.

சேர், இந்த முழு வாக்குவாதத்தின் நடுப்புள்ளி இதுதான்.

2022 டிசம்பர் 6. காலிறுதிக்கு முந்திய சுற்று. பயிற்றுநர் பெர்னாண்டோ சான்டோஸ் ரொனால்டோவை இருத்திவிட்டு 21 வயது கொன்சாலோ ராமோஸை இறக்கினார். ராமோஸ் மூன்று கோல் போட்டார். போர்த்துக்கல் 6-1 என்று வென்றது. பொடியள் எல்லோரும் இதை மட்டும்தான் சொல்வார்கள்: பார்த்தீர்களா, கிழவனை இருத்தியதும் அணி பறந்தது என்று.

அதே ஆட்டத்தில் இரண்டாவது கோலைத் தலையால் போட்டவர் பெப்பே. அவருக்கு அப்போது 39 வயது, ரொனால்டோவைவிட இரண்டு வயது மூத்தவர். ஆகவே வயதுதான் பிரச்சினை என்றால் பெப்பேயும் வாங்கில் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

நான் அதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். ஓர் அணியில் மிகப் பெரிய ஆள் முன்னால் நிற்கும்போது, மற்றவர்கள் பந்தை எடுத்ததும் முதலில் அவரைத்தான் பார்ப்பார்கள். பக்கத்தில் ஒருவன் தனியாக நின்றாலும் பந்து பெரிய ஆளுக்குத்தான் போகும். நான் இதை மரியாதைப் பந்து என்று சொல்வேன். நம் ஊர் ஆட்டங்களில் தினமும் காண்கிறோம், அண்ணை கேட்டால் தம்பி கொடுக்காமல் இருப்பானா? போர்த்துக்கலிலும் அதுதான் நடந்தது. ஃப்ரீ கிக் கிடைத்தால் புருனோ பெர்னாண்டஸ் விலகி நிற்பார், ரொனால்டோ அடிப்பார். ஆனால் உலகக்கிண்ணமும் ஐரோப்பியக் கிண்ணமான யூரோவும் சேர்த்து அவருடைய ஃப்ரீ கிக்கில் கோலானது ஒன்றே ஒன்று, 2018இல் ஸ்பெயினுக்கு எதிராக அடித்தது. சுவிஸ் ஆட்டத்தில் மரியாதை காட்ட முன்னால் யாரும் இல்லை. பந்து போக வேண்டிய இடத்துக்குப் போனது.

பெப்பே பின்களத்தில் ஆடுபவர். அவருக்காக யாரும் தம் ஆட்டத்தை மாற்ற வேண்டியதில்லை.

ரொனால்டோ உட்காரத் தெரியாதவரும் அல்ல. 2016-17 பருவத்தில் ரியல் மெட்ரிட்டில் பயிற்றுநர் சிடான் அவருடன் பேசி, பல லீக் ஆட்டங்களில் ஓய்வு கொடுத்தார். ரொனால்டோ அதற்குச் சம்மதித்தார். பலன் என்ன? சம்பியன்ஸ் லீக் காலிறுதியிலிருந்து இறுதிவரை 10 கோல்: பயேர்ன் மியூனிக்குக்கு 5, அத்லெட்டிகோவுக்கு 3, இறுதியில் ஜுவென்டஸுக்கு 2. அப்போது அவருக்கு 32 வயது. அவர் மதிக்கும் ஒருவர் எதிரே இருந்து, "இன்றைக்கு இரு, ஏப்ரலில் நீ வேண்டும்" என்று சொன்னால் அவர் கேட்டார். பிறகு அப்படிச் சொல்லக்கூடியவர் அவர் பக்கத்தில் இல்லாமல் போனார். என் கவலை முழுக்க அதுதான்.

அதனால் சான்டோஸ் செய்தது சரி. அடுத்த ஆட்டத்தில் மொரோக்கோவுடன் 0-1 என்று தோற்று, ரொனால்டோ அழுதுகொண்டு சுரங்க வழியில் நடந்து போனபோது நானும் அழுதேன். முடிவு சரியானது என்பதால் அந்த வலி குறையவில்லை.

மல்லாவியிலிருந்து: 2024 யூரோவில் ஆட்டம் முடிவதற்கு முன்பே அழுதாரே, அணித்தலைவர் அப்படிச் செய்யலாமா?

ஸ்லோவேனியாவுடன் மேலதிக நேரத்தில் அவருடைய பெனால்டியை எதிரணிக் கோல்காப்பாளர் ஒப்லாக் தடுத்துவிட்டார். ரொனால்டோ அழுதார். பிறகு சமநிலை தவிர்ப்பு உதையில் முதல் ஆளாகப் போய் கோலாக்கி, ரசிகர்களிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். மிச்சத்தைப் போர்த்துக்கல் கோல்காப்பாளர் டியோகோ கோஸ்டா பார்த்துக்கொண்டார், மூன்று உதைகளைத் தடுத்தார்.

அழுததைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. இப்போதுதான் தவறவிட்ட ஒருவர் மறுபடி பந்தைக் கையில் எடுத்து முதல் ஆளாகப் போவது லேசான காரியமா? என் குறை வேறு. அந்தத் தொடரில் ஒரு கோல்கூட இல்லாமல், பிரான்ஸுடனான காலிறுதியில் 120 நிமிடமும் அவரை ஓடவிட்டார்கள். அது பயிற்றுநரின் பிழை.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு மெஸ்ஸி ரசிகர்: மெஸ்ஸி கிண்ணத்தை எடுத்துவிட்டு மயாமிக்குப் போனார். உங்கள் ஆள் எடுக்காமல் போனார். ஒத்துக்கொள்ளுங்கள் அண்ணை.

ஒத்துக்கொள்கிறேன். மெஸ்ஸி 35 வயதில், 2022இல் வெளியேற்றச் சுற்று ஒவ்வொன்றிலும் கோல் போட்டார், மொத்தம் ஏழு. ரொனால்டோ ஐந்து உலகக்கிண்ணங்களிலும் கோல் போட்ட முதல் ஆண் வீரர். ஆனால் அந்த எட்டுக் கோலும் முதற்சுற்றில் வந்தவை, வெளியேற்றச் சுற்றில் ஒன்றும் இல்லை. இதை ரொனால்டோ ரசிகர்கள் விழுங்கித்தான் ஆக வேண்டும்.

ஒன்றை மட்டும் நீங்களும் பாருங்கள். மெஸ்ஸி வயது போகப் போகப் பின்னுக்கு வந்து பந்தைப் பகிர்பவர் ஆனார். நடந்துகொண்டே ஆடினார், அவருக்குப் பதிலாக மற்றவர்கள் ஓடினார்கள், அணி அதற்கேற்ப அமைந்தது. ரொனால்டோ எதிர்ப்பக்கம் போனார்: ஓரத்தில் ஓடியவர் கோல் வாசலுக்குள் போனார். கோல் வாசலில் நிற்பவர் பந்து வந்தால்தான் உயிரோடு இருப்பார். அதனால் அவருடைய முதுமை மெஸ்ஸியின் முதுமையைவிட வெளியே தெரிகிறது.

விசுவமடுவிலிருந்து ஒரு கழகத் தலைவர்: எங்கள் அணியிலும் ஒருவர் இருக்கிறார். 39 வயது, பத்தாம் இலக்கச் சட்டையை விடமாட்டார். எப்படிச் சொல்வது?

தம்பி, நான் அந்த ஆளாக இருந்தவன்.

2010இல் மீளக் குடியேறினபோது எங்கள் ஊரில் பதினொரு பேரைச் சேர்க்கவே பெரும்பாடாக இருந்தது. மைதானத்தில் மிதிவெடி அகற்றி முடியும்வரை பாடசாலைக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் ஆடினோம். எனக்கு 38 வயது. ஆடவேண்டிய வயதில் இருந்த பலர் இல்லை. அதனால் நாங்கள் நாலைந்து மூத்தவர்கள் இறங்கினோம். அது தேவை, அதில் பெருமையும் இருந்தது.

2012 வந்தபோது பொடியள் வளர்ந்துவிட்டார்கள். நான் விடவில்லை. ஒருநாள் எங்கள் கழகத்தில் என்னைவிட மூத்த ஓர் அண்ணை பக்கத்தில் வந்து, "இன்றைக்கு நீ என்னோடு இரு, ஆட்டத்தைப் பார்ப்போம்" என்றார். இருந்தேன். அப்போதுதான் கண்டேன், என் இடத்தில் இறங்கிய 17 வயதுப் பொடியன் இடது பக்கமாக வெட்டி ஓடிய ஓட்டத்தை. இரண்டு வருடமாக அவன் அந்த ஓட்டத்தை ஓட முடியாமல் இருந்தது, அந்த இடத்தில் நான் நின்றுகொண்டு பந்து கேட்டதால்.

ஆகவே கூட்டம் போட்டுச் சொல்லாதீர்கள். அவர் மதிக்கும் மூத்தவர் ஒருவரைக்கொண்டு, ஓர் ஆட்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் கடைசி இருபது நிமிடத்துக்கு இறக்குங்கள். சட்டை இலக்கத்தைப் பறிக்காதீர்கள், அது அவரிடமே இருக்கட்டும்.

வவுனியாவிலிருந்து ஒரு தங்கச்சி: கோவாவுக்கு வருவார் என்று எவ்வளவு ஆசைப்பட்டோம், வரவில்லையே.

2025 ஒக்டோபரில் அல் நஸர் கோவாவில் ஆடியபோது அவர் பயணம் செய்யவில்லை. எனக்கும் ஏமாற்றம். ஆனால் 40 வயதில் எல்லா ஆட்டத்துக்கும் பறக்கக்கூடாது என்று நான்தானே மேலே எழுதியிருக்கிறேன். சிடான் கற்றுக்கொடுத்த பாடத்தைக் கடைப்பிடித்தார் என்று எடுத்துக்கொள்வோம், தங்கச்சி.

முள்ளியவளையைச் சேர்ந்த, இப்போது வெளிநாட்டில் இருக்கும் ஒருவர்: நீங்கள் எப்போதிருந்து அவருடைய ரசிகர்?

2006 ஜூலை முதலாம் திகதி. உலகக்கிண்ணக் காலிறுதி, இங்கிலாந்துடனான ஆட்டம். வீட்டு முற்றத்தில் ஜெனரேட்டர், சின்னத் தொலைக்காட்சி, எண்ணெய்க்குக் காசு சேர்த்த ஐம்பது அறுபது பேர். இங்கிலாந்தின் ரூனி சிவப்பு அட்டை வாங்கினார். கடைசிப் பெனால்டி உதையை 21 வயது ரொனால்டோ அடித்து வென்றார். அடுத்த மாதம் சண்டை மூண்டு ஏ9 பாதை மூடியது.

2009 ஜூலை 6இல் மெட்ரிட்டில் அவரை வரவேற்க 80,000 பேர் திரண்டார்களாம். அந்தச் செய்தியை நான் மெனிக் பாம் அகதி முகாமில், யாரோ சாமான் சுற்றி வந்த பழைய பத்திரிகைத் துண்டில்தான் படித்தேன். தண்ணீர் வரிசையில் நின்றபடி, முன்னால் நின்ற பொடியனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "அண்ணை, இனி எத்தினையாம் இலக்கம் போடுவார்?" ஒன்பது என்று சொன்னேன். ரொனால்டோ ஓய்வு பெறட்டும் என்று யாராவது சிரித்துக்கொண்டு சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதற்கு அந்த வரிசையும் ஒரு காரணம்.

நெடுங்கேணியிலிருந்து: 41 வயதில் 2026 உலகக்கிண்ணம் தேவையா?

தொடக்க வீரராக எல்லா ஆட்டமும் என்றால் வேண்டாம். 2025 ஜூனில் ஐரோப்பிய நேஷன்ஸ் லீக் அரையிறுதியில் ஜேர்மனிக்கும் இறுதியில் ஸ்பெயினுக்கும் கோல் போட்டார், கிண்ணமும் வந்தது. இரண்டு கோலும் நூனோ மென்டஸ் இடப்பக்கத்தால் போய்க் கொடுத்த பந்தில், கோல் வாசலில் நின்று முடித்தவை. அந்த வேலைக்கு அவரைவிட நல்ல ஆள் இன்னும் இல்லை. ஆட்டத்துக்கு முப்பது நிமிடம் கொடுங்கள், ஃப்ரீ கிக்கைப் புருனோவிடம் கொடுங்கள்.

முல்லைத்தீவிலிருந்து 14 வயதுப் பிள்ளை: மாமா, நான் பாடசாலை அணியில் ஆடுகிறேன். அவருடைய நல்ல காலத்தை நான் பார்க்கவில்லை. எந்த ஆட்டத்தைப் பார்க்கட்டும்?

முதலில் 2013 நவம்பர், ஸ்வீடனில் நடந்த இரண்டாவது தகுதி ஆட்டம். இரண்டு ஆட்டமும் சேர்த்து வென்றால் உலகக்கிண்ணம், தோற்றால் வீடு. போர்த்துக்கல்லின் மூன்று கோலும் அவருடையவை. கோல்களை மட்டும் பார்க்காதே பிள்ளை. பந்து அவரிடம் வருவதற்கு முன்னால் எப்போது ஓடத் தொடங்குகிறார் என்று பார். அதுதான் நீ பழகக்கூடியது.

அப்புறம் 2018 ஏப்ரலில் ஜுவென்டஸுக்கு எதிராகத் தலைகீழாக அடித்த கோல். அது பழகுவதற்கு அல்ல. எதிரணியின் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டுவதைப் பார்ப்பதற்கு.

கடைசியாக 2016 யூரோ இறுதியைப் பார். முழங்காலில் அடிபட்டு 25ஆவது நிமிடத்திலேயே வெளியே வந்துவிட்டார். மேலதிக நேரத்தில் பயிற்றுநருக்குப் பக்கத்தில் நொண்டி நொண்டி நின்று கத்திக்கொண்டே இருப்பார். மாற்று வீரராக இறங்கிய ஏடர் 109ஆவது நிமிடத்தில் கோல் போடுவார். அப்போது கமரா ரொனால்டோ பக்கம் திரும்பும்போது நிறுத்தி, அவருடைய முகத்தைப் பார்.