பனிவெளியில் தனியே விடப்பட்டவர்கள்

கேள்வி: எங்கள் மகனுக்கு 11 வயது, மகளுக்கு 5 வயது. மகனுக்குத் துருவப் பகுதி என்றால் உயிர். சென்ற மாதம் 'எய்ட் பிலோ' படத்தைக் குடும்பமாகப் பார்த்தோம். நாய்களைச் சங்கிலியில் கட்டிவைத்துவிட்டு மனிதர்கள் விமானம் ஏறும் காட்சியில் மகள் தேம்பி அழுதுகொண்டே எழுந்து போய்விட்டாள். அன்று முதல் பனி தெரியும் எந்தப் படத்தையும் பார்க்க மறுக்கிறாள். சாவே வராத துருவப் படங்கள் உண்டா? இருவரும் சேர்ந்து எவற்றைப் பார்க்கலாம்?

பதில்: சாவே வராத துருவப் படங்கள் உண்டு. ஆனால் அவற்றைத் தேடத் தொடங்குமுன், உங்கள் மகள் எந்த இடத்தில் எழுந்து போனாள் என்று நீங்களே எழுதியிருப்பதை ஒருமுறை திரும்பப் படியுங்கள். அந்த இடம்வரை படத்தில் ஒரு நாய்கூடச் சாகவில்லை. அவளை அழவைத்தது அந்த நாய்கள் தனியே விடப்பட்டதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐந்து வயதில் சாவு என்பது பாதி புரிந்த சொல். அம்மா கண்ணிலிருந்து மறைவதோ முழுக்க அனுபவித்த பயம்.

துருவக் கதைகளில் இந்தப் பிரிவு ஏறக்குறைய எப்போதும் இருக்கும். கடல் உறைந்தால் கப்பல் வராது, புயல் எழுந்தால் விமானம் இறங்காது, இரை தேடும் தாய் வெகுதூரம் போயே ஆக வேண்டும். எனவே ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அதில் யாராவது சாகிறார்களா என்று விசாரிப்பதைவிட, யார் யாரை விட்டுப் போகிறார்கள், எவ்வளவு நேரம் கழித்துத் திரும்புகிறார்கள் என்று விசாரிப்பது உங்கள் வீட்டுக்குப் பொருந்தும்.

அந்தக் கணக்கில் நான் முதலில் சொல்லும் படம் 2012இல் வந்த 'பிக் மிராக்கிள்'. 1988 அக்டோபரில் அலாஸ்காவின் வடகோடியிலுள்ள பாரோ என்னும் ஊருக்கு அருகே மூன்று சாம்பல் திமிங்கிலங்கள் உறைந்த கடலுக்குள் சிக்கிக்கொண்டன. அவை மூச்சுவிடுவதற்காக அப்பகுதிப் பழங்குடியினரான இனுபியாட் மக்கள் சங்கிலி ரம்பங்களால் பனிக்கட்டியில் வரிசையாகத் துளைகள் வெட்டினார்கள். பனிப்போர் இன்னும் முடியாத அந்தக் காலத்தில் சோவியத் பனியுடைப்புக் கப்பல்கள் உதவிக்கு வந்தன. இந்த நிகழ்ச்சியைத் தழுவிய படம் அது. மூன்றில் சிறிய திமிங்கிலம் பிழைப்பதில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இது விட்டுப்போகிற கதையன்று, ஒருவர் பின் ஒருவராக வந்து சேருகிற கதை; அதனால் அந்த ஓர் இழப்பை உங்கள் மகள் தாங்கிக்கொள்வாள் என்று நினைக்கிறேன்.

அடுத்து, 2005இல் வெளியான பிரெஞ்சு ஆவணப்படமான 'மார்ச் ஆஃப் த பெங்குவின்ஸ்'. இதில் பிரிவுதான் கதையே. எம்பரர் பெங்குயினின் தாய் முட்டையைத் தந்தையிடம் ஒப்படைத்துவிட்டுக் கடலுக்குப் போகிறது. தந்தை அண்டார்டிகக் குளிர்காலத்தின் இருட்டில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் எதுவும் உண்ணாமல், முட்டையைப் பாதங்களின்மேல் வைத்து வயிற்றுத் தோல் மடிப்பால் மூடி அடைகாக்கிறது. படம் தொடங்குமுன்பே, 'அம்மா மீன் பிடிக்கப் போகிறாள், குஞ்சு பொரிக்கும் சமயத்தில் திரும்பிவிடுவாள்' என்று மகளிடம் சொல்லிவிடுங்கள். முடிவு தெரிந்தால் சுவாரசியம் கெடும் என்பது பெரியவர்களின் கவலை; சிறு குழந்தைகள் முடிவு தெரிந்த கதையைத்தான் மறுபடியும் மறுபடியும் கேட்கிறார்கள். குஞ்சுகள் குளிரில் உறைந்து இறக்கும் பகுதியையும், தாய்ப் பெங்குயின் ஒன்றைச் சீல் வேட்டையாடும் பகுதியையும் மட்டும் நீங்கள் முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொண்டு தாண்டிவிடலாம். பிரெஞ்சு மூலத்தில் பெங்குயின்களே பேசுவதுபோல் குரல் கொடுத்திருக்கிறார்கள். ஆங்கில வடிவத்தில் ஒருவர் மட்டும் நிதானமாகக் கதை சொல்கிறார். உங்கள் மகளுக்கு அந்த இரண்டாவதே நல்லது.

'ஹேப்பி ஃபீட்' ஆட்டமும் பாட்டுமாக இருப்பதால் பலரும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பார்கள். சிறுத்தைச் சீல் துரத்தும் காட்சியும், கதாநாயகன் விலங்குக்காட்சிச் சாலையில் தனியே அடைபட்டுப் புத்தி தடுமாறும் காட்சியும் ஐந்து வயதுக்குக் கனமானவை. இரண்டு ஆண்டுகள் பொறுங்கள்.

மகனுக்கென்று தனியாக ஒரு மாலையை ஒதுக்கி, 2015இல் வந்த 'லாங் வே நார்த்' என்ற அனிமேஷன் படத்தைக் காட்டுங்கள். 19ஆம் நூற்றாண்டு ரஷ்யாவைச் சேர்ந்த ஒரு சிறுமி, வடதுருவம் நோக்கிப் போய்த் திரும்பாத தாத்தாவின் கப்பலைத் தேடிக் கிளம்புகிறாள். உருவங்களுக்குக் கறுப்பு எல்லைக்கோடே இல்லாமல் வண்ணப் பரப்புகளாலேயே வரைந்திருப்பதால், பனிவெளியின் வெளிச்சத்தை அவ்வளவு அழகாகக் காட்டிய அனிமேஷன் எனக்கு வேறொன்று நினைவுக்கு வரவில்லை. உறைந்துபோன தாத்தாவை அவள் கண்டெடுக்கும் காட்சி இருப்பதால் தங்கைக்கு இப்போது வேண்டாம்.

இன்னொன்று. 'எய்ட் பிலோ'வைப் பாதியில் விட்டுவிட்டதால், உங்கள் மகளின் மனத்தில் அந்த நாய்கள் இன்னும் கட்டப்பட்டே நிற்கின்றன. எட்டில் ஆறு உயிர் பிழைக்கின்றன என்று சொல்லி, மனிதர் திரும்பிவந்து அவற்றைச் சந்திக்கும் கடைசிப் பகுதியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். மற்ற இரண்டைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். அந்தக் கதைக்குத் தூண்டுதலான நிகழ்ச்சி 1958இல் அண்டார்டிகாவில் ஜப்பானியரின் ஷோவா ஆய்வு நிலையத்தில் நடந்தது: கட்டி விடப்பட்ட 15 நாய்களில் டாரோ, ஜிரோ என்னும் இரண்டு மறு ஆண்டு ஜனவரியில் உயிரோடு இருந்தன. இதை மகனுக்குச் சொல்லலாம். மகளுக்குச் சொல்ல வேண்டியது வேறு: அண்டார்டிகாவின் சூழலைக் காக்கும் சர்வதேச உடன்பாட்டின்படி 1994இல் அங்கிருந்த நாய்கள் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள், புதிதாக எந்த நாயையும் அங்கே கொண்டுபோகவும் கூடாது.